ஜிம்னிக்கு எந்த டிஃபரன்ஷியல் லாக்கர் பொருத்தலாம்?

கேள்வி: ஐந்து கதவு மாருதி சுசுகி ஜிம்னி (சிறிய நான்கு சக்கர இயக்க வண்டி) வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்குப் போவதும் இதில்தான், விடுமுறையில் மலை எஸ்டேட் பாதைகளுக்குப் போவதும் இதில்தான். டிஃபரன்ஷியல் லாக்கர் பொருத்த விரும்புகிறேன். தானியங்கி வகையா, ஏர் லாக்கரா? முன்பக்கமா, பின்பக்கமா, இரண்டிலுமா?

பதில்: பின்பக்கம் மட்டும் பொருத்துங்கள். நீங்கள் விரும்பும்போது பூட்டி, விரும்பும்போது திறக்கக்கூடிய வகையாக இருக்கட்டும். நானும் ஜிம்னிதான் ஓட்டுகிறேன். பின் ஆக்சிலில் (பின் சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் அச்சில்) காற்றழுத்தத்தால் பூட்டும் ஏர் லாக்கர் இருக்கிறது. ஏன் இந்த முடிவு என்று சொல்கிறேன்.

முதலில், உங்கள் வண்டியில் இப்போதே இருப்பது என்ன என்று பாருங்கள். வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் கியர் அமைப்புதான் டிஃபரன்ஷியல்; அதைப் பூட்டி இரண்டையும் ஒன்றாகச் சுற்றவைப்பது லாக்கர். சாதாரண டிஃபரன்ஷியல் ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசை ஏறக்குறைய தேவையே இல்லை. தரையில் ஊன்றி நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்த அளவு விசைதான் போகும். ஃபோர் லோ (நான்கு சக்கரங்களையும் குறைந்த வேகத்தில், அதிக விசையோடு இயக்கும் நிலை) போட்டிருந்தாலும், முன்னால் ஒன்றும் பின்னால் குறுக்காக ஒன்றும் தூக்கிக்கொண்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். இதற்காகத்தான் ஜிம்னியில் பிரேக் வழியாக இயங்கும் ஏற்பாடு இருக்கிறது. வீணாகச் சுழலும் சக்கரத்தைக் கணினி பிரேக் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அப்போது மறு சக்கரத்துக்கும் அதே அளவு விசை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். பாறை வழியில் அது வண்டியை நகர்த்திக்கொண்டு போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தரையில் இருக்கும் சக்கரத்துக்கு எவ்வளவு விசை போகிறதோ, அதே அளவு விசை மறுபுறம் பிரேக்கில் வெப்பமாகக் கரைகிறது. எஞ்சின் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தருவதே 134 நியூட்டன் மீட்டர்தான். செங்குத்தான ஏற்றத்தில் இந்தப் பாதி இழப்பு நன்றாகவே தெரியும். மேலும், சக்கரம் சுழன்ற பிறகுதான் கணினி விழித்துக்கொள்ளும். செம்மண் சேற்றில் அந்த ஓரிரு சுற்றுகளே குழி தோண்டிவிடும். இந்த இரண்டு குறைகளையும் நீக்குவதற்குத்தான் லாக்கர். ஏற்றத்துக்கு முன்பே பூட்டிவிட்டால் சக்கரம் வீணாகச் சுழல்வது பெரிதும் குறையும், பாதையும் கிழிபடாது. எஸ்டேட் சாலைகளை யாரோ ஒருவர் கல் அடுக்கிப் பராமரிக்கிறார். அதை நாம் உழுதுவிட்டு வரக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இனி வகைக்கு வருவோம். எது அதிகப் பிடி தரும் என்று ஒப்பிடுவதால் பயனில்லை. முழுமையாகப் பூட்டிய எந்த லாக்கரும் இரண்டு சக்கரங்களையும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அது எப்போது திறக்கிறது, யார் சொல்லித் திறக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

டெட்ராய்ட் லாக்கர் போன்ற தானியங்கி வகை இயல்பாகவே பூட்டிய நிலையில் இருக்கும். வளைவில் வெளிச்சக்கரம் வேகமாக ஓட முயலும்போது மட்டும் அந்தப் பக்கத்தை விடுவிக்கும். விலை குறைவான இன்னொரு வகையும் உண்டு: டிஃபரன்ஷியல் கூட்டை மாற்றாமல், உள்ளே இருக்கும் சிறு கியர்களை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துவது. இரண்டிலும் திறப்பதும் பூட்டுவதும் உங்கள் ஆக்சிலேட்டர் மிதியைப் பொறுத்தது. வளைவுக்குள் மிதியை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், மிதித்தால் மறுபக்கம் இழுக்கும். நீளமும் எடையும் உள்ள வண்டியில் இது பழகிவிடும். ஆயிரத்து இருநூறு கிலோ அளவே எடையுள்ள ஜிம்னியில், மழை பெய்து நனைந்த கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், பின்பக்கம் இப்படி நடந்துகொள்வதை நான் விரும்பமாட்டேன். உங்கள் வண்டி தினமும் சாலையில் ஓடுவது. ஆகவே இந்த வகை உங்களுக்கு வேண்டாம்.

மஹிந்திரா தார் வண்டியில் வரும் ஈட்டன் இயந்திர லாக்கரைப் பற்றியும் கேட்பீர்கள். அது சாலையில் தொந்தரவு தராது. இரு சக்கரங்களுக்கும் இடையே நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றுகள் வேறுபாடு வந்தால்தான் பூட்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பூட்டாது. எந்தப் பொத்தானையும் தொட வேண்டாம் என்பதால் புதியவர்களுக்கு நல்லது. ஆனால் அதுவும் சக்கரம் சுழன்ற பிறகு, ஓர் உதறலோடு பூட்டுவதுதான். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் கையால் பூட்டும் லாக்கர்களைத் தொழிற்சாலையிலேயே வைத்துத் தருகிறார்கள். ஓட்டுநர் கையில் முடிவை விடுகிற அந்த அணுகுமுறையே எனக்குப் பிடித்தது.

கையால் இயக்கும் வகையில் காற்று, மின்சாரம் என இரண்டு முக்கியமான வழிகள். மின் லாக்கருக்கு ஒயர் மட்டும் போதும், பொருத்துவது எளிது. ஆனால் சில மின் லாக்கர்கள் முன்னிருந்து பின்னுக்குத் திசை மாற்றும்போது ஒரு கணம் விட்டுவிட்டுத் திரும்பப் பூட்டும். சேற்றில் முன்னும் பின்னுமாக ஆட்டி வெளியே வர முயலும்போது அது இடைஞ்சல். ஏர் லாக்கர் அப்படி விடாது. அதற்கு கம்ப்ரஸர் வேண்டும். காற்றுக் குழாயும் சீல்களும் தேயக்கூடியவை, கவனிக்க வேண்டும். ஆனால் கல்லும் சேறும் வந்தால் டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பவர்கள் நாம்; சாலைக்குத் திரும்பியதும் காற்றடிக்க எப்படியும் கம்ப்ரஸர் வாங்கத்தான் போகிறோம். இரண்டு வேலைக்கும் போதுமான ஒன்றை வாங்கிவிட்டால் செலவு நியாயமாகிறது. காற்றைக் குறைத்துப் பார்க்காமலும் நல்ல டயர் போடாமலும் லாக்கருக்குப் பணம் செலவழிக்காதீர்கள்.

பின்பக்கம் ஏன்? ஏற்றத்தில் எடை பின் சக்கரங்களின் மேல் சாய்கிறது, ஆகவே பிடி அங்கேதான் அதிகம். பின்னால் பூட்டினால் ஸ்டியரிங் கனப்பதில்லை. வண்டி கொஞ்சம் நேராகவே போகப் பார்க்கும், அவ்வளவுதான். முன்பக்கம் பூட்டினால் ஸ்டியரிங் கனத்துவிடும், வளைவு அகலமாகிவிடும். அதைவிடப் பெரிய கவலை உடைப்பு. மேனுவல் கியர் ஜிம்னியில் முதல் கியரும் ஃபோர் லோவும் ஆக்சிலில் உள்ள கியர் விகிதமும் சேர்ந்து எஞ்சின் விசையை ஏறக்குறைய 36 மடங்காக்குகின்றன. கணக்குப்படி 4,800 நியூட்டன் மீட்டர். லாக்கர் பூட்டியிருக்கும்போது ஓர் ஆக்சிலுக்கு வரும் விசை முழுவதும் பிடியுள்ள ஒரே சக்கரத்தின் ஷாஃப்ட் வழியாகப் போக நேரலாம். சக்கரத்தை முழுதாகத் திருப்பிவைத்த நிலையில் இது நடந்தால் முன்பக்க சி.வி. ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதற்கு விசையைக் கடத்தும் இணைப்பு) தாங்காமல் போகலாம். ஒரு முழு மழைக்காலம் பின் லாக்கரோடு ஓட்டுங்கள். அப்போதும் வண்டி தவறாமல் நின்றுபோகும் இடங்கள் இருந்தால் முன்பக்கத்தைப் பற்றி யோசியுங்கள்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். பக்கவாட்டில் சரிந்த ஈரமான பாதையில் லாக்கரைத் திறந்தே வையுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்து வண்டியைச் சரியவிடாமல் வைத்திருக்கும். பூட்டியிருந்தால் இரண்டும் சேர்ந்து சுழலும், பின்பக்கம் அப்படியே பள்ளத்தை நோக்கி இறங்கிவிடும். லாக்கர் போட்ட தைரியத்தில் பலர் மறக்கும் விஷயம் இது. தார்ச்சாலையிலும் பூட்ட வேண்டாம்.

பொருத்தும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பது லாக்கரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான வேலை. உங்கள் வண்டியின் கியர் விகிதத்துக்கும் ஆக்சில் ஷாஃப்டின் பல் எண்ணிக்கைக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும் முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். டிஃபரன்ஷியலைச் சுழற்றும் கியர் ஜோடியான கிரவுன் வீலையும் பினியனையும் திரும்பப் பொருத்தும்போது பற்களுக்கிடையிலான இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பற்களில் சாயம் தடவி அவை எங்கே படுகின்றன என்று பார்க்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஃபரன்ஷியல் ஊளையிட ஆரம்பிக்கும். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் அந்தப் பகுதிக்கான உத்தரவாதம் போய்விடலாம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டரில் டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றிவிடுங்கள். வடித்த ஆயிலில் நுண்ணிய இரும்புத் தூள் இருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற சிம்புகள் இருந்தால் வண்டியை எடுக்காமல் டிஃபரன்ஷியலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.