புது கிரீன் டீ கசந்தால் தண்ணீர்ச் சூட்டைக் குறையுங்கள்
வணக்கம் நண்பரே. லோங்ஜிங், பிலுவோசுன், சென்சா என்ற மூன்று கிரீன் டீ வகைகளிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தீர்கள், மூன்றுமே கசந்தன என்கிறீர்கள். இலையைச் சந்தேகப்பட வேண்டாம், சூடுதான் காரணம். வசந்தத் தொடக்கக் கொழுந்தில் இனிய சுவையைத் தரும் தியானின் என்ற அமினோ அமிலம் அதிகம். மிதமான சூட்டிலேயே அது இறங்கிவிடும். கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டசின் என்ற பொருள், சூடு ஏற ஏறக் கூடுதலாக இறங்கும்.

சீனாவின் ஹாங்சோ நகரத்து லோங்ஜிங் சட்டியில் வறுத்த தட்டை இலை. 200 மி.லி. கண்ணாடி டம்ளருக்கு 3 கிராம், 80 டிகிரி, இரண்டு நிமிடம். வடிகட்டாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போதே மறுபடி தண்ணீர் விடுங்கள். இரண்டாவது டம்ளர்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சீனாவின் தைஹு ஏரிப் பக்கத்துப் பிலுவோசுன், வெள்ளைப் பூமயிர் படர்ந்த பொடிச் சுருள். முதலில் தண்ணீர், அப்புறம்தான் இலை. தூவியதும் ஒவ்வொன்றாக அவிழ்ந்து கீழே இறங்கும், அவ்வளவு அழகு!

ஜப்பானியச் சென்சா ஆவியில் வெந்தது, சாறு சட்டென்று இறங்கும். 70 டிகிரி, ஒரு நிமிடம், கடைசிச் சொட்டு வரை வடித்துவிடுங்கள்.

தெர்மாமீட்டர் இல்லையென்றால், கொதித்த நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றுங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 10 டிகிரி குறையும். திறந்த பொட்டலங்களைக் காற்றுப் புகாமல் மூடி, சீக்கிரம் குடித்துவிடுங்கள்.