கேசினோ ஓடவில்லை: கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேள்வி: நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீட்டில் மகன் காலேஜ் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது, விண்டோஸ் 7. டெலிகிராம் குரூப்பில் ஒருவர் ஆன்லைன் கேசினோ சாஃப்ட்வேர் அனுப்பினார். கிளிக் செய்தால் உங்கள் விண்டோஸுக்குப் பொருந்தாது என்று வந்தது. வேறொன்று அனுப்பினார், அதில் எம்எஸ்விசிபி140.டிஎல்எல் இல்லை என்கிறது. இப்போது ஆன்டிவைரஸை நிறுத்தி எனிடெஸ்க் போடுங்கள், நாங்களே சரி செய்கிறோம் என்கிறார். எனக்கு 10,000 ரூபாய் போனஸ் காத்திருக்கிறதாம், 999 கட்டினால் திறக்குமாம். தேதி வேறு எப்போதும் 2009 என்றே காட்டுகிறது. என்ன செய்யலாம்?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முதலில் அந்த 999-ஐக் கட்டாதீர்கள் ஐயா. கட்டியிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் போட்டுப் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

உங்கள் கம்ப்யூட்டர் சொன்ன இரண்டு செய்தியும் நிஜமான கோளாறுகள்தான். விண்டோஸில் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகை உண்டு. முதலாவது, 64-பிட் சாஃப்ட்வேரை 32-பிட் விண்டோஸில் திறந்தால் வருவது. ‘கம்ப்யூட்டர்’ ஐகானில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் போனால் உங்களுடையது எது என்று தெரியும். வண்ணாரப்பேட்டையில் என் கடைக்கு வரும் பழைய பெட்டிகள் பலவற்றில் ப்ராசஸர் 64-பிட்டாக இருக்கும், போட்ட விண்டோஸ் மட்டும் 32-பிட். இரண்டாவது, பல சாஃப்ட்வேர்கள் ஓடத் தேவையான மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ தொகுப்பு இல்லாததால் வருவது. அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம். அந்த ஒரு டிஎல்எல் ஃபைலை மட்டும் தனியாகத் தருகிறோம் என்கிற தளங்கள் பக்கமே போக வேண்டாம், வைரஸோடு சேர்த்துத் தருவார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டேன், ஆனால் இந்த ஃபைலை ஓட வைக்க நான் உதவமாட்டேன். அதன் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர் என்ற பகுதியே இல்லையென்றால், இதைச் செய்தது நான்தான் என்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. அளவையும் பாருங்கள். நாலைந்து எம்பிதான் என்றால் அதற்குள் ரவுலட்டும் ஸ்லாட்டும் அடங்காது, மீதியை நெட்டிலிருந்து அதுவே இறக்கிக்கொள்ளும். என்ன இறக்கும் என்பது அனுப்பியவருக்குத்தான் தெரியும். இந்தக் காலத்தில் ஆன்லைன் கேசினோக்கள் பெரும்பாலும் பிரவுசரிலேயே ஓடுகின்றன. அப்படியிருக்க எதற்குத் தனி சாஃப்ட்வேர்?

ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னாரே, அதுதான் என்னை உறுத்துகிறது. வீட்டுக்கு வருகிறவர் வாட்ச்மேனை லீவில் அனுப்பச் சொன்னால் விட்டுவிடுவோமா? எனிடெஸ்க் என்பது தூரத்திலிருந்தே இன்னொருவர் கம்ப்யூட்டரைப் பார்த்து இயக்க உதவுவது. நல்ல சாஃப்ட்வேர்தான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதன் நம்பரை அவரிடம் சொல்லி அனுமதியும் கொடுத்துவிட்டால், நீங்கள் பேங்க் பக்கத்தைத் திறக்கும்போது அவரும் கூடவே பார்ப்பார்.

சட்டமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2022-ம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஏமாந்த பிறகு வெளியே சொல்லமாட்டீர்கள் என்பதுதான் இவர்கள் தைரியமே.

இப்போது செய்ய வேண்டியது: நெட் கேபிளைக் கழற்றுங்கள். எனிடெஸ்க் ஏற்கெனவே போட்டிருந்தால் பேங்க் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு இரண்டையும் வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம். பேங்குக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். போட்டோ, ஆவணங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஃபார்மேட் அடிப்பது நல்லது. மறுபடி விண்டோஸ் 7 போடாதீர்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அதில் குரோம் பிரவுசரும் 109-ம் பதிப்போடு நின்றுவிட்டது. ப்ராசஸர் 64-பிட்டாகவும் ரேம் 4 ஜிபியாகவும் இருந்தால் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போதும். பேப்பர் படிக்க, யூடியூப் பார்க்க, ரயில் டிக்கெட் போட எந்தக் குறையும் இருக்காது.

தேதி விஷயம் தனி. மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, மூன்று வோல்ட். அது தீர்ந்தால் கடிகாரம் பின்னால் போய்விடும், அப்புறம் பேங்க் தளம் உட்பட எதைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்றே வரும். நம் பக்கம் கடல் காற்று. காசிமேடு, ராயபுரத்திலிருந்து வரும் பெட்டிகளில் பேட்டரியைப் பிடிக்கும் கிளிப்பில் பச்சை பூத்திருக்கும், அதைச் சுரண்டாமல் புது பேட்டரி போட்டால் மறுபடி இதே கதைதான். ரேமின் காலையும் பென்சில் ரப்பரால் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். எந்தக் கடைக்கும் சிபியு பெட்டியை மட்டும் எடுத்துப் போனால் போதும், ஷேர் ஆட்டோவில் மானிட்டரையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

கேள்வி: பிள்ளைகளின் பழைய சிடியில் இருக்கும் பிளாஷ் விளையாட்டுகள் இப்போது ஓடவில்லையே?
வாசகி, திருவொற்றியூர்

பதில்: அந்த விளையாட்டுகளை ஓட வைத்த அடோபியின் பிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ரஃபிள் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, சிடியில் உள்ள எஸ்டபிள்யூஎஃப் (பிளாஷ் விளையாட்டு) ஃபைலை அதில் திறந்து பாருங்கள். ரொம்பப் பழையவை பெரும்பாலும் ஓடிவிடும். பிளாஷ் பிளேயர் புது வெர்ஷன் என்று எங்காவது தென்பட்டால் இறக்காதீர்கள், அப்படி ஒன்று கிடையாது.