ஏவுகணையைத் தேவைப்படும்போது வாங்கிக்கொள்ள முடியாதா?

கேள்வி இதுதான்: தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளுக்கு ராணுவங்கள் ஏன் பத்து, இருபது வருடம் முன்னாலேயே பணத்தைக் கொட்டுகின்றன, போர் வரும்போல இருந்தால் அப்போது ஆர்டர் கொடுத்தால் போதாதா?

போதாது. ஸ்டிங்கர் கதையைப் பார்த்தாலே புரியும். 2022-ல் அமெரிக்கா தன் கையிருப்பிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டிங்கர்களை உக்ரைனுக்குக் கொடுத்தது. தோளில் வைத்துச் சுடுகிற சின்ன ஏவுகணைதான். தீர்ந்ததை நிரப்பலாம் என்று பார்த்தால், அமெரிக்க ராணுவம் அதைப் புதிதாக வாங்கியே ஏறக்குறைய 18 வருடம் ஆகியிருந்தது. சில மின்னணு பாகங்கள் சந்தையிலேயே இல்லை, மறுபடி வடிவமைக்க வேண்டிய நிலை. தயாரிக்கும் ரேதியான் நிறுவனம், ஓய்வு பெற்று எழுபதுகளில் இருந்த பழைய ஊழியர்களைக் கூப்பிட்டு, இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னது; கையில் இருந்த வரைபடங்கள் 1970-களின் இறுதியில் ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்த காலத்தவை. பணம் இருந்தது, அவசரமும் இருந்தது, ஆனால் செய்யத் தெரிந்த கைகள் கலைந்து போயிருந்தன.

இதில் எல்லோரும் கவனிக்காமல் விடுவது ராக்கெட் மோட்டார். திட எரிபொருளைக் கெட்டியான கூழாகக் கலக்கி, உறைக்குள் ஊற்றி, நாள் கணக்கில் சூட்டில் வைத்து இறுக விடுவார்கள். அப்புறம் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் உள்ளே ஒரு விரிசல் இருந்தால் எரியும் பரப்பு திடீரென்று கூடி, அழுத்தம் ஏறி, மோட்டாரே வெடித்துவிடும். இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. இரண்டு மடங்கு வேண்டும் என்றால் கலக்கும் கலனும் சூளையும் கட்டடமும் எல்லாமே கூடுதலாக வேண்டும். 1990-களில் அமெரிக்காவில் பெரிய மோட்டார் தயாரிப்பாளர்கள் ஆறு பேர். ஆர்டர் குறையக் குறைய அது இரண்டாகச் சுருங்கியது. வருடா வருடம் ஆர்டர் வருமா வராதா என்று தெரியாதவன் எந்த நம்பிக்கையில் புதுச் சூளை கட்டுவான்?

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு மினிட்மேன் 3 உதாரணம். 1970-ல் களத்துக்கு வந்த கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை, பத்து வருடத்துக்கென்று திட்டமிட்டது, இன்றும் 400 ஏவுகணைகள் நிலத்தடிக் குழிகளில் தயாராக இருக்கின்றன. அதற்கு மாற்றான சென்டினல் திட்டத்தின் மதிப்பீடு 2020-ல் 7,770 கோடி டாலர், 2024-ல் 14,090 கோடி டாலர், அதாவது 81 சதவீத ஏற்றம். ஏவுகணையை விட, அதைச் சுற்றியுள்ள குழிகள், கட்டுப்பாட்டு மையங்கள், பல ஆயிரம் மைல் கேபிள் இவைதான் அந்த ஏற்றத்தில் பெரும்பங்கு. அறுபதுகளில் போட்ட கான்கிரீட்டை அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கணக்கு சரிவரவில்லை. தரையிலிருந்து ஏவும் ஏவுகணையில் 'தரை' என்பதற்கும் செலவு உண்டு என்பதை யாரும் பட்ஜெட் பேசும்போது அழுத்திச் சொல்வதில்லை, அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் நீண்டகால ஒப்பந்தம் போட்டுவிடலாமா என்றால், அதுவும் இல்லை. வடிவம் நிலைபெற்ற ஏவுகணைக்குத்தான் அது பொருந்தும். பேட்ரியாட் என்ற வான்காப்பு அமைப்பிலிருந்து ஏவும் பேக்-3 எம்எஸ்இ என்ற இடைமறிப்பு ஏவுகணை அப்படிப்பட்டது. அதை லாக்ஹீட் மார்ட்டின் செய்தாலும் இலக்கைக் கண்டுபிடிக்கும் முன்பகுதியான தேடுமுனையைச் செய்வது போயிங், அங்கே இடம் பெருகினால்தான் இங்கே எண்ணிக்கை கூடும். 2024-ல்தான் முதல்முறையாக ஒரே வருடத்தில் 500-ஐத் தொட்டார்கள். 2022 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த வகை ஏவுகணைகளுக்குப் பல வருட ஒப்பந்தம் போட அனுமதி தந்தது சரியான முடிவு என்பேன், கொஞ்சம் தாமதமானாலும்.

எந்த நாட்டின் கொள்முதல் அறிவிப்பைப் படித்தாலும் எத்தனை ஏவுகணை என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு, மோட்டார் செய்பவர் ஒருவரா இருவரா, பழைய கையிருப்பைப் பரிசோதிக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.