நாலு மாதத்துக்கு ஒருமுறை காஸ் போடச் சொன்னால் நம்பாதீர்கள்

இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “404 என்ற குளிரூட்டும் காஸில் ஓடும் ஒரு டீப் ஃப்ரீசரும் சின்ன கோல்டு ரூமும் இருக்கின்றன. நாலு மாதத்துக்கு ஒருமுறை காஸ் குறைஞ்சிடுச்சு என்று மெக்கானிக் ஏற்றிவிட்டுப் போகிறார். பிரஷர் மீட்டரைப் பார்த்தே அளவு தெரியுமாம். உண்மையில் எவ்வளவு போட வேண்டும்?”

காஸ் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் சுற்றிக்கொண்டிருக்கும், பத்து வருடம் ஓடினாலும் போட்டது அப்படியே இருக்க வேண்டும். குறைந்தால் லீக். அதை உங்கள் மெக்கானிக் தேடவில்லை, தேடி அடைத்துவிட்டால் அடுத்த பில் கிடையாது என்பதால்தான் பலர் தேடுவதில்லை.

ஃப்ரீசருக்கு அளவு சுலபம். பின்பக்கத்து பிளேட்டில் காஸ் பெயரும் எத்தனை கிராம் என்பதும் அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் பேச்சே இல்லை. மிச்ச காஸை ரெக்கவரி சிலிண்டரில் எடுத்து, லீக்கை அடைத்து, நைட்ரஜன் ஏற்றி சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்து, வேக்கம் பம்பில் 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இழுத்து, அப்புறம் சிலிண்டரை எலெக்ட்ரானிக் தராசில் வைத்து அந்த கிராமை ஏற்ற வேண்டும். 404 கலவைக் காஸ், சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். பற்றவைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜனையே லீக் பார்க்க ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், விடவே விடாதீர்கள்.

மீட்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்பதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சூட்டை வெளியே விடும் கண்டென்சர் 40 டிகிரியில் இருந்தால் 404-க்கு ஹை சைடு (கண்டென்சர் பக்க அழுத்தம்) சுமார் 250 பிஎஸ்ஐ காட்டும், 45 டிகிரி ஆனால் 285-ஐத் தொடும். காஸ் ஒரு கிராம்கூட மாறியிருக்காது, கண்டென்சரில் தூசியும் கோழி இறகும் அடைத்திருந்தாலே போதும். அதேபோல கூலிங் காயிலில் ஐஸ் கட்டிக் காற்று போகாவிட்டால் லோ சைடு (காயில் பக்க அழுத்தம்) இறங்கும். அதைக் காஸ் குறைவு என்று நினைத்து ஏற்றினால், கூடுதல் காஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குள் போய் வால்வை உடைக்கும். சக்‌ஷன் பைப்பில் (காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் பைப்) கம்ப்ரசர் வரை ஐஸ் பிடித்தால் ஃபுல் சார்ஜ் என்பார்கள், ஃப்ரீசரில் அது பெரும்பாலும் ஓவர் சார்ஜ்.

கோல்டு ரூம் மட்டும் வேறு கதை. பைப்பை உங்கள் கடையில் வந்துதான் போட்டிருப்பார்கள், அதனால் பிளேட்டில் மொத்த அளவு இருக்காது. 3/8 இன்ச் லிக்விட் லைன் (காஸ் திரவமாகப் போகும் பைப்) ஒரு மீட்டருக்கே சுமார் 50 கிராம் பிடிக்கும். அங்கே ரூம் குளிர்ந்து நிலைக்கு வந்தபிறகு அந்த லைனில் உள்ள சின்னக் கண்ணாடியை, அதாவது சைட் கிளாஸைப் பார்க்க வேண்டும். குமிழி தெரிந்ததும் காஸ் ஏற்றக் கூடாது. முதலில் ஈரத்தை உறிஞ்சும் டிரையருக்கு முன்னும் பின்னும் பைப்பைத் தொட்டுப் பாருங்கள், பின்பக்கம் சில்லென்றிருந்தால் டிரையர் அடைத்திருக்கிறது, மாற்ற வேண்டியது அதைத்தான். டிரையர் சரியாக இருந்தும் குமிழி நிற்கவில்லை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கிளாஸ் தெளிந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்றினாலும் ரிசீவர் (திரவக் காஸைச் சேர்த்து வைக்கும் டாங்க்) வாங்கி வைத்துக்கொள்ளும் என்பதால் தப்பு உடனே தெரியாது, ரிசீவர் நிரம்பிய பிறகு மிச்சம் கண்டென்சரில் தேங்கி, சித்திரை வெயிலில் மெஷின் ஹை பிரஷரில் டிரிப் ஆகும். லீக்கை அடைத்து முழுதாகச் சார்ஜ் செய்யும்போது ஏற்றிய மொத்த எடையை மார்க்கரால் யூனிட் மேலேயே எழுதி வையுங்கள், அடுத்தவருக்கும் அதுதான் பிளேட்.

விலை குறைவு என்று பில் இல்லாத சிலிண்டரை அவர் கொண்டுவந்தால் வேண்டாம். 134 என்ற இன்னொரு குளிரூட்டும் காஸின் பெயரில் மெத்தில் குளோரைடு கலந்த போலி காஸ் வந்து, 2011-ல் வியட்நாமில் காஸ் ஏற்றிய ரீஃபர் (குளிர்பதன) கண்டெய்னர்கள் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். ஒரு பல்பு இணைப்புக்கு வயரிங் லைசென்ஸ் கேட்கிற ஊரில் காஸ் போடுகிறவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஏஎம்சி (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்தாலும் ‘காஸ் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும், பில்லிலோ ‘காஸ் சார்ஜிங்’ என்று மொத்தமாக ஒரு தொகை. எந்தக் காஸ், எத்தனை கிராம், லீக் எங்கே இருந்தது, மூன்றையும் எழுதினால்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள். தராசு கொண்டுவருவாரா என்று போனிலேயே கேளுங்கள்.

லீக்கைத் தேட அவருக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மீட்டர் மாட்டும், நடுவே ஊசி உள்ள வால்வில் மூடி இருக்கிறதா, பைப்பை இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றித் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று இன்றைக்கே டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.