அந்தி வானம் வரைவோர் கேட்டவை

கேள்வி: அக்கா, டியூபிலிருந்து அப்படியே ஆரஞ்சும் சிவப்புமாகப் பூசுகிறேன். ஆனாலும் வானம் ஒளிரவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: வானம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால் எதுவும் பளிச்சென்று தெரியாது. முக்கால்வாசி வானத்தைச் சாம்பல் கலந்த ஊதாவிலும் மங்கிய நீலத்திலும் அடக்கி வையுங்கள். கலப்பில்லாத ஆரஞ்சு, தொடுவானத்தை ஒட்டி ஒரு கீற்று போதும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் வரைந்த 'இம்ப்ரெஷன், சன்ரைஸ்' ஓவியத்தைக் கறுப்பு வெள்ளையில் பாருங்கள். அது காலைச் சூரியன்தான், ஆனாலும் அந்திக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அந்த ஆரஞ்சு வட்டம் சாம்பல் வானத்தோடு கரைந்து ஏறக்குறையக் காணாமலே போய்விடும். இரண்டுக்கும் வெளிச்ச அளவு கிட்டத்தட்ட ஒன்றே. தகதகப்பைத் தருவது நிறம் மட்டும். நீங்களோ சூரியனை வெள்ளையாக்கிக்கொண்டே போகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெள்ளை கூடக்கூட ஆரஞ்சின் சூடு இறங்கிவிடும்.

கேள்வி: வாட்டர்கலரில் மஞ்சளும் நீலமும் சேரும் இடம் பச்சையாகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: இரண்டையும் தொடவிடாதீர்கள், நடுவில் ரோஸ் வரட்டும். காகிதத்தை நனைத்து, கீழே மஞ்சள், அதற்குமேல் ரோஸ், உச்சியை நோக்கி வெறும் தண்ணீராக மங்கவிடுங்கள். நன்றாகக் காயட்டும், புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. பிறகு பலகையை லேசாகச் சாய்த்து, அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தை வானத்தின் உச்சியிலிருந்து தொடங்குங்கள். ரோஸை எட்டும்போது பிரஷ்ஷில் தண்ணீர் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும். நீலம் ரோஸின்மேல் படிந்தால் ஊதாதான் வரும், அது அந்திக்கு அழகு. இந்த ஒரு இடத்துக்காகவே எனக்கு வாட்டர்கலர் பிடிக்கும்.

கேள்வி: சில மேகங்கள் சிவக்கின்றன, சில கறுத்துவிடுகின்றன. எதை எப்படித் தீட்டுவது?

பதில்: உயரத்தைப் பாருங்கள். சூரியன் மறைந்ததும் தாழ்ந்த மேகங்கள்தான் முதலில் நிழலுக்குள் போகும். உயரத்தில் இருக்கும் கீற்று மேகங்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வெயில் கிடைக்கும். அதனால் கீழே சாம்பல் ஊதா, மேலே இளஞ்சிவப்பு. தொடுவானத்தை ஒட்டி வரும் ஒளி மேகத்தின் அடிப்பக்கத்தில் படுகிறது. பகல் மேகத்துக்குப் போடுகிற மாதிரி உச்சியில் வெளிச்சம் வைத்தால் படமே பொய்யாகிவிடும்.

கேள்வி: தரையைக் கறுப்பாக்கினால் படத்தின் மனநிலை கனமாகுமா?

பதில்: டியூப் கறுப்பு வேண்டாம், ஓட்டை மாதிரி தெரியும். அல்ட்ராமரைனோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைக் கலந்து பாருங்கள். நீலம் தூக்கலாக இருந்தால் அமைதி, பழுப்பு தூக்கலாக இருந்தால் வெம்மை. தொடுவானத்தைக் கீழே இறக்கினால் தனிமை கூடும்.

கேள்வி: அலிசரின் கிரிம்சன் என்ற கருஞ்சிவப்பு வாங்கலாமா?

பதில்: அசல் அலிசரின் வெளிச்சத்தில் மங்கும், அதுவும் தண்ணீர் கலந்து மெல்லிசாகப் பூசும் வாஷில் சீக்கிரமே. அந்தி வானத்து இளஞ்சிவப்புகளுக்கு குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள்.