மேக்லெவ் ரயில் மிதப்பது ஆன்டி கிராவிட்டிதானா?

கேள்வி: காந்தத்தால் மிதக்கும் ரயில், புவியீர்ப்பை ரத்து செய்துவிடுகிறது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. சந்தேகமாக இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நான் அப்படித்தான் பார்த்தேன்.

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் சர்வீஸ் செய்பவன் நான். மே மாத லீவில் வந்திருந்த அக்கா மகன் இதே கேள்வியைக் கேட்டான். செத்துப்போன ஸ்பீக்கர்களின் வளையக் காந்தங்கள் கடையில் எப்போதும் கிடக்கும். மரக்கட்டையில் ஒரு பிவிசி குழாய்த் துண்டை நட்டு, இரண்டு காந்தங்களை ஒட்டிக்கொள்ளும்படி கோத்து, அக்கா வீட்டு சமையலறைத் தராசில் வைத்தேன். 342 கிராம். பிறகு மேல் காந்தத்தைத் திருப்பிப் போட்டேன். கீழே இருப்பது தள்ள, இரண்டு விரல்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. தராசில் அதே 342.

“மாமா, அதுதான் எதையும் தொடவே இல்லையே, அப்புறம் எப்படி வெயிட் காட்டுது?”

கீழ்க் காந்தம் மேலே இருப்பதை எவ்வளவு தள்ளுகிறதோ, மேலே இருப்பதும் கீழ்க் காந்தத்தை அதே அளவுக்கு அழுத்துகிறது. எடை எங்கும் போகவில்லை, கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். (நீங்கள் செய்தால் கட்டை நல்ல தடிமனாக இருக்கட்டும். தராசுக்குள் இரும்பு ஸ்க்ரூ இருந்தால் காந்தம் அதை இழுத்து அளவைக் கெடுத்துவிடும். முதல் தடவை எனக்குக் கெட்டது.)

ரயிலும் இதே கதைதான். 2004 முதல் ஓடும் ஷாங்காய் ரயிலில், பெட்டியின் அடிப்பகுதி பாதையைச் சுற்றி வளைந்து கீழே போயிருக்கும். அங்குள்ள மின்காந்தங்கள் பாதையை நோக்கி மேலே இழுபடுவதால் பெட்டி எழும்புகிறது. இடைவெளி சுமார் ஒரு சென்டிமீட்டர். மொத்த பாரமும் பாதை வழியாகத் தூண்களுக்குத்தான் இறங்குகிறது. 2015-ல் மணிக்கு 603 கி.மீ. தொட்ட ஜப்பான் ரயில் இன்னும் வேடிக்கை. அது கிளம்பும்போது ரப்பர் டயரில்தான் ஓடும். வேகம் பிடித்த பிறகே பக்கச் சுவர்ச் சுருள்களில் போதிய மின்னோட்டம் தூண்டப்பட்டு ரயிலைத் தூக்கும். ஈர்ப்பையே அணைத்திருந்தால் டயர் எதற்கு?

அந்தக் குழாய் எதற்கு என்று கேட்பீர்கள். எடுத்துவிட்டால் மேல் காந்தம் புரண்டு வந்து படாரென்று ஒட்டிக்கொள்ளும். அசையாத நிரந்தரக் காந்தங்களை மட்டும் வைத்து, எப்படி அடுக்கினாலும், ஒன்றை நிலையாக மிதக்கவிட முடியாது என்று ஆங்கிலேயக் கணித அறிஞர் எர்ன்ஷா 1842-லேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார். சுழலும் காந்தப் பம்பரம் சுழற்சியால் தப்பிக்கும். மேசை மேல் மிதக்கும் பூகோள உருண்டைக்குள் ஒரு காந்தம், அடித்தட்டில் சென்சார். உருண்டை கொஞ்சம் நகர்ந்தாலும் சுருளில் ஓடும் கரண்ட் மாறிப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். எங்கள் ஏரியாவில் கரண்ட் போனால் உலகம் டொக்கென்று விழும். சர்வீஸுக்கு வந்த ஒன்று அப்படித்தான் என் டீ கிளாஸை உடைத்தது.

ஆன்டி கிராவிட்டிக்குக் கிட்டே வருவதாகத் தோன்றுவது தவளைதான். 1997-ல் நெதர்லாந்தில் இயற்பியலாளர் ஆந்த்ரே கைம் குழுவினர் உயிருள்ள தவளையைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டார்கள். தண்ணீரைக் காந்தம் மிக மெலிதாக விலக்கும், தவளையோ பெரும்பாலும் தண்ணீர். தேவைப்பட்டது சுமார் 16 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு). ஸ்கேன் சென்டர் எம்ஆர்ஐ பெரும்பாலும் 1.5 டெஸ்லா. உடம்பு முழுக்க விசை பரவுவதால் எடையில்லாத மாதிரி ஒரு நிலை. ஆனால் அந்தக் காந்தத்தைத் தராசில் ஏற்ற முடிந்தால், தவளையின் எடையும் சேர்ந்தே காட்டும். இதற்கு கைமுக்கு 2000-ல் கிடைத்தது கேலிக்கான இக் நோபல். நிஜ நோபல் 2010-ல், ஒரே அணு கனமுள்ள கார்பன் தாளான கிராஃபீனுக்கு.

நிஜமான ஆன்டி கிராவிட்டி என்றால் நிறையே நிறையை விலக்க வேண்டும். மின்னூட்டத்தில் பிளஸ், மைனஸ் உண்டு. நிறையில் நாம் பார்த்தது ஒரே வகை, அது இழுக்க மட்டுமே செய்யும். குறுக்கே தகடு வைத்துத் தடுக்கவும் வழியில்லை. எதிர்ப்பொருளாவது (ஆன்டிமேட்டர், சாதாரணப் பொருளின் மின்னூட்டம் மாறிய இரட்டை) மேலே போகுமா என்ற ஆசை சிலருக்கு இருந்தது. ஐரோப்பாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் எதிர் ஹைட்ரஜன் அணுக்களை விட்டுப் பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். அதுவும் கீழேதான் விழுகிறது.

பையனுக்கு முகம் வாடிவிட்டது. காந்தங்களை அவனிடமே கொடுத்தனுப்பினேன். அக்காவின் தராசுதான் இன்னும் கடையிலேயே இருக்கிறது.