மன்னார்க் கடலில் ஒரு சுறா

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூல் வெர்ன் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அவருடைய ‘கடலுக்கு அடியில் இருபதாயிரம் லீக்குகள்’ நாவலில் நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலை ராட்சதக் கணவாய்கள் வளைக்கும் இடத்தைப் பள்ளி நாட்களில் ராமேஸ்வரம் ரயிலில் படித்தேன். வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் கணவாய் வருவதற்குள் அப்பாவின் கை வந்துவிடுகிறது, கதை நழுவிவிடுகிறது. இது வாசகனின் குறையா? கப்பல் தலைவர் நெமோ இந்தியர் என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். 1870இல் வந்த அந்த நாவலில் நெமோவின் நாடு எதுவென்று சொல்லப்படுவதில்லை. அவர் புந்தேல்கண்ட் இளவரசர் டக்கார் என்பது வெர்ன் பின்னர் எழுதிய ‘மர்மத் தீவு’ நாவலில்தான் தெரியவரும். ஆனால் முதல் நாவலிலேயே ஒரு தடயம் உண்டு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பவன் ஒருவனைச் சுறாவிடமிருந்து காப்பாற்றிவிட்டு, ஒடுக்கப்பட்டவர்களின் பக்கமே தான் என்கிறார் நெமோ.

அந்தக் காட்சியில் எனக்கும் உங்கள் கதைதான். தூத்துக்குடியில் என் தாத்தா சங்கு குளித்தவர். 1961இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்திலும் (முத்துக்குளிப்பிலும்) இறங்கியிருக்கிறார். நீரழுத்தத்தில் வலது காது போய்விட்டது. அதனால் அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து உரக்கப் படித்துக்காட்ட வேண்டும். காலில் கல்லோடு அந்த முத்துக் குளிப்பவன் ஐந்து மீட்டர் இறங்குகிறான் என்றதும், “மூன்று பாகம்கூட இல்லையே” என்றார். ஒரு பாகம் என்பது சுமார் ஆறடி ஆழம். சுறாவை நெமோ கத்தியால் எதிர்கொள்ளும் இடத்தில் நான் எழுந்தே நின்றுவிட்டேன். தாத்தா அசையவில்லை.

“மேலே கயிறு யார் கையில்?”

புத்தகத்தைப் புரட்டினேன். யாரும் இல்லை. முத்துக் குளிக்கும் பருவத்துக்கு முன்பே தனியாக வந்தவன். கல்லையும் அவனே இழுத்துக்கொள்கிறான்.

“அப்படியானால் சுறா வராவிட்டாலும் செத்திருப்பான்” என்றார் தாத்தா. அவருடைய கயிற்றைப் பிடித்தவர் பாட்டியின் அண்ணன். தங்கை தாலியறுக்க விடமாட்டான் என்பதால் மச்சானிடம்தான் கயிற்றைக் கொடுப்பது. இருவரும் கரையில் பேசிக்கொள்ளவே மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தக் கடலுக்கு வெர்ன் வந்ததே இல்லை. வராதவர் எழுதியதில் ஒரு கயிறு குறைந்தது. அந்த இடத்தில் தாத்தா வந்து உட்கார்ந்துகொண்டார். இப்போது என்னால் அந்த அத்தியாயத்தை அவர் குறுக்கிடாமல் படிக்க முடிவதில்லை. உங்கள் கதை நழுவுகிறது என்றால் நழுவட்டும், கணவாய் எங்கே போய்விடும்?

கடைசியில் நெமோ அவனிடம் ஒரு பை முத்தைக் கொடுக்கிறார். எனக்குக் கண் கலங்கியது. தாத்தாவுக்குக் கவலை வந்துவிட்டது.

“பையோடு கரைக்குப் போனால் திருடன் என்று பிடிப்பார்களே. யார் கொடுத்ததென்று சொல்வான்? கடலுக்கு அடியில் செம்புத் தலையோடு ஒருவர் வந்தார் என்றா?”